பழைய ஃபைலைக் கொண்டுவாருங்கள்

தூக்க ஆய்வுக்கூடத்தில் என் வேலை சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கும். படுக்க வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து முதலில் தலையை அளப்பேன். மூக்குத்தண்டுக்கு மேலிருக்கும் குழியிலிருந்து பிடரி மேடு வரை ஒரு அளவு, ஒரு காதின் முன்புறத்திலிருந்து மறு காதின் முன்புறம் வரை இன்னொரு அளவு. 1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்துக் கொடுத்த பத்து-இருபது முறைப்படி மெழுகு பென்சிலால் புள்ளி வைத்து, அந்த இடத்தைச் சொரசொரப்பான ஜெல் போட்டுத் தேய்த்து, பேஸ்ட் வைத்து எலக்ட்ரோடுகளை ஒட்டுவேன். கண்ணோரங்களில், மோவாயில், நெஞ்சில், இரண்டு முழங்கால்களுக்கும் கீழே முன்காலில் என்று ஒயர்கள் போகும். மூக்கடியில் காற்றை அளக்கும் குழல், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறையில் திரைக்கு முன்னால் உட்காருவேன். முப்பது விநாடிக்கு ஒரு பக்கமாக அவர் தூக்கம் என் முன்னால் ஓடும்.

நான் நர்ஸ் இல்லை, டெக்னீஷியன். ஆனால் பலரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் மனிதர்கள் நிறையப் பேசுவார்கள். தலையில் ஒருவர் கை பட்டுக்கொண்டிருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது. சிறுவயதில் புற்றுநோய் வந்து பிழைத்தவர்களை நான் அப்படித்தான் அறிந்துகொண்டேன். டாக்டர் எழுதித் தரும் சீட்டில் அது பெரும்பாலும் இருக்காது. ‘குறட்டை’, ‘தூக்கமின்மை’, ‘பகலில் அசதி’ என்று ஒரு சொல்தான் இருக்கும்.

ஓர் இளைஞனின் பிடரியில் எலக்ட்ரோடு வைக்கப் போனேன். பார்வைக்கான மூளைப்பகுதியின் அலைகளைப் பிடிக்கும் இடம் அது. அங்கே முடியே இல்லை. நடுவே மேலிருந்து கழுத்துவரை ஒரு நீண்ட தழும்பு. ஆள் குள்ளம், உட்கார்ந்தால் இன்னும் குள்ளமாகத் தெரிந்தான். “தம்பி, இங்க ஆபரேஷனா?” என்றேன். “ஆமா சிஸ்டர், ஏழு வயசுல. மெடுல்லோபிளாஸ்டோமா. அப்புறம் தலைக்கும் முதுகுக்கும் கரண்ட் வெச்சாங்க” என்றான். மெடுல்லோபிளாஸ்டோமா ஒரு மூளைப்புற்று. கதிர்வீச்சை நம் ஊரில் பலரும் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். தண்டுவடம் முழுக்கக் கதிர் பட்டதால் முதுகெலும்பு வளரவில்லை. தலையில் கதிர் பட்டதால் பிட்யூட்டரி சுரப்பி தளர்ந்து வளர்ச்சி ஹார்மோனும் தைராய்டும் குறைந்துபோயின. தைராய்டு மாத்திரையை நிறுத்தி எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று விட்டுவிட்டானாம். வேலைக்குப் போன இடமெல்லாம் மதியம் தூங்கி விழுகிறான் என்று பேர். தைராய்டு குறைந்த உடம்புக்குத் தூக்கமும் அசதியும் வரத்தான் செய்யும். அதைச் சோம்பல் என்று யாரோ சொல்ல, அவனும் அப்படியே நம்பியிருந்தான்.

சிறுவயதில் புற்றுநோய் வந்து பிழைத்த இந்தத் தலைமுறை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துச் சில காலம் நோயைப் பின்வாங்க வைத்ததாக எழுதினார். அதற்கு முன் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கப் பலன் தரும் மருந்து இருந்ததில்லை. 1980களில் அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய இடங்களில் எம்சிபி 841 என்ற சிகிச்சைமுறை வந்தது. பல மருந்துகள், முதுகுத்தண்டில் ஊசி, மூளைக்குக் கதிர்வீச்சு எல்லாம் சேர்ந்தது அது. அதனால் பிழைத்த குழந்தைகளில் பலர் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் பிழைத்தவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படிப் பிழைத்தவர்களை 1994 முதல் பெரிய அளவில் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். 2008இல் அந்த ஆய்வுக் குழு வெளியிட்ட கட்டுரையில், ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டிருந்தது, ஏழில் ஒருவருக்குப் பகல் தூக்கம் அதிகமாக இருந்தது. இந்த ஆறில் ஒருவரும் ஏழில் ஒருவரும் என் நாற்காலியிலும் வந்து உட்காருகிறார்கள்.

இவர்கள் எல்லாருக்கும் ஒரே தூக்கக் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. எந்த உறுப்பில் என்ன சிகிச்சை நடந்ததோ, அதற்கேற்ற வழியில்தான் தூக்கம் கெடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

அதிகம் கற்றுக்கொடுத்தவர் ஒரு வங்கி ஊழியர். இரண்டு கண்ணிலும் ரெட்டினோபிளாஸ்டோமா. மூன்று வயது முடிவதற்குள் இரண்டு கண்களையும் எடுத்துவிட்டார்கள். உயிரைக் காப்பாற்ற அன்று வேறு வழி இல்லை. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு வரும் கண் புற்று இது. கண்ணின் பாவையில் வெள்ளையாக ஒளி தெரிவதைப் பார்த்து அம்மாதான் முதலில் கண்டுபிடிப்பாள். அவர் படித்து, வேலைக்கு வந்து, கல்யாணமும் செய்துகொண்டவர். அவருடைய புகார் விசித்திரமாக இருந்தது. “மேடம், மாசத்துல கொஞ்ச நாள் நான் அருமையாத் தூங்குவேன். அப்புறம் தூக்கம் என்னை விட்டுட்டுப் போயிடும். ராத்திரி பூரா முழிப்பு, ஆபீஸ்ல தூக்கம். அப்புறம் தானாவே சரியாயிடும்.” தூக்க மாத்திரையும் மனநல ஆலோசனையும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. ‘டென்ஷனைக் குறைச்சுக்கோங்க’ என்று ஒருவர் அனுப்பிவிட்டாராம்.

அன்றிரவு ஆய்வில் அவர் அழகாகத் தூங்கினார். அலைகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அறிக்கை ‘இயல்பு’ என்றுதான் வந்திருக்கும். எங்கள் டாக்டர் அதோடு விடவில்லை. மணிக்கட்டில் அசைவைப் பதிவுசெய்யும் ஆக்டிகிராஃப் கருவியைக் கட்டி அனுப்பினார்; தினமும் தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் மனைவியைக் குறித்துவைக்கச் சொன்னார். இரண்டு மாதக் குறிப்பை ஒரே தாளில், நாளுக்கு ஒரு வரியாக நான் வரைந்தேன். தூங்கிய நேரங்களைக் கறுப்பாக நிரப்பினேன். நம்முடைய தாளில் அது ஒரே இடத்தில் செங்குத்தாக இறங்கும். அவருடையது மூலைவிட்டமாகச் சாய்ந்து, தாளின் ஒரு பக்கத்தில் மறைந்து, மறுபக்கத்தில் திரும்ப முளைத்து வந்தது.

மனித மூளையில் உள்ள நேரக்கணக்கு சரியாக இருபத்து நான்கு மணி நேரம் அல்ல. பெரும்பாலோருக்குச் சற்றுக் கூடுதல். காலை வெளிச்சம் கண்ணுக்குள் போய் விழித்திரையில் உள்ள தனிவகை நரம்பணுக்களைத் தொட்டு, அங்கிருந்து மூளையில் உள்ள கடிகாரத்துக்குச் சேதி போய், தினமும் அதைத் திருத்திவைக்கிறது. பார்வை இல்லாதவர்களில் சிலருக்குக்கூட விழித்திரை இருந்தால் இந்தச் சேதி போய்ச்சேரும். கண்களையே எடுத்துவிட்டவருக்கு அந்த வழி இல்லை. நாளுக்கு அரை மணி நேரம் வீதம் தள்ளிப்போனால் 48 நாளில் ஒரு முழுச் சுற்று வரும். நடுவில் சில நாள் ஊரோடு ஒத்துப்போகும், மற்ற நாளெல்லாம் ஊர் தூங்கும்போது அவர் விழித்திருக்க வேண்டும். அவருக்கு இருந்தது மனக்கவலை அல்ல. நேரம் காட்ட வெளிச்சம் இல்லாத மூளை. 2000இல் ராபர்ட் சாக் என்பவரும் அவருடைய குழுவினரும், பார்வையற்றவர்களுக்குத் தினமும் ஒரே நேரத்தில் மெலடோனின் கொடுத்தால் இந்தச் சரிவு நின்றுவிடும் என்று காட்டினார்கள். டாக்டர் அதையே எழுதிக்கொடுத்தார். முதல் வாரமே பலன் தெரியாது, கடிகாரம் சரியான இடத்துக்குச் சுற்றி வரும்வரை பொறுக்க வேண்டும். அவர் பொறுத்தார். அடுத்த தாளை வரைந்தபோது கோடு நிமிர்ந்து நின்றது. அந்தத் தாளை அவர் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கிரானியோஃபாரிஞ்சியோமா என்ற கட்டி வந்தவர்களின் கதை வேறு. கறாராகச் சொன்னால் அது புற்று அல்ல. ஆனால் மூளையின் அடியில், பிட்யூட்டரிக்கும் ஹைப்போதலாமஸுக்கும் பக்கத்தில் வளரும். அறுவையும் கதிர்வீச்சும் புற்றுநோய்க்கு நடக்கும் அதே இடங்களில்தான் நடக்கும். பசி, தாகம், உடல்சூடு, விழிப்பு எல்லாவற்றையும் ஆளும் இடம் ஹைப்போதலாமஸ். நம்மை விழித்திருக்கவைக்கும் ஓரெக்சின் என்ற பொருள் அங்கேதான் சுரக்கிறது. 1998இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த இடம் காயப்பட்ட பிள்ளைகள் அடங்காத பசியோடு எடை ஏறிக்கொண்டே போவார்கள், உட்கார்ந்த இடத்தில் தூங்குவார்கள். இவர்களுக்கு இரவு ஆய்வோடு மறுநாள் பகல் ஆய்வும் வைப்போம். இரண்டு மணி நேர இடைவெளியில் ஐந்து முறை இருட்டறையில் படுக்கவைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார்கள் என்று பார்ப்பது. சராசரி எட்டு நிமிடத்துக்குள் இருந்தால் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கல்லூரிப் பெண் ஐந்து முறையும் நான் கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் தூங்கிவிட்டாள். வெளியே அவள் அப்பா, “வீட்லயும் இதேதான்மா. மூதேவின்னு திட்டிட்டே இருப்பேன்” என்றார். அறிக்கையின் படத்தை அவரிடம் காட்டி டாக்டர் விளக்கினார். அவர் ஒன்றும் பேசவில்லை, மகளின் ஒயர்களை நான் எடுக்கும்வரை அவள் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளையைத் திட்டுவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்யுங்கள் என்று எல்லா வீட்டிலும் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

இதயத்தின் பாதிப்பும் தூக்கத்தில் தெரிந்துவிடும். முழங்காலில் எலும்புப் புற்று வந்து, ஒரு காலை எடுத்துவிட்டுச் செயற்கைக் காலோடு நடப்பவர் ஒருவர் வந்தார். இல்லாத அந்தக் கால் ராத்திரி வலிக்கிறது, அதனால்தான் தூக்கம் போகிறது என்று சொன்னார். அந்த வலி உண்மையானது, பலருக்கு வருவது. ஆனால் மூன்று தலையணை கேட்டார். முப்பது வயதுக்காரர் மூன்று தலையணை கேட்டால் என் காது நிமிர்ந்துவிடும். நள்ளிரவுக்குமேல் திரையில் அவர் மூச்சு சிறிதாகத் தொடங்கிப் பெரிதாகி, திரும்பச் சிறிதாகி, அப்படியே நின்று, மறுபடி சிறிதாகத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செயின், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிவைத்த மூச்சு இது. தளர்ந்த இதயம் உள்ள வயதானவர்களிடம் நான் பார்ப்பது. டியூட்டி டாக்டரை அழைத்தேன். எக்கோ எடுத்தபோது இதயத்தின் விசை பாதியாகக் குறைந்திருந்தது தெரிந்தது. பதின்வயதில் அவருக்கு ஏற்றிய டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து புற்றைக் கொன்றது. இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போயிருந்தது. அதன் சேதம் வெளியே தெரியப் பத்து, இருபது வருடமும் ஆகலாம். இன்று இதய மாத்திரையோடு நன்றாக இருக்கிறார். தூக்கம் கெட்டதால்தான் அது தெரியவந்தது.

இனி மாஸ்க்கைப் பற்றிச் சொல்கிறேன். ரத்தப்புற்றுக்குச் சிறுவயதில் மூளைக்குக் கதிர் வாங்கியவர்கள், முக்கியமாகப் பெண்கள், பின்னாளில் எடை கூடுவது உண்டு. தொண்டைக்குழி குறுகி, தூக்கத்தில் மூச்சு அடைபடும். பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால் ஒரு தடை என்று எண்ணுவோம். மணிக்கு ஐந்தைத் தாண்டினால் நோய், முப்பதைத் தாண்டினால் கடுமையானது. முப்பது வயதை நெருங்கும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கடுமையான அளவையும் தாண்டியிருந்தது. அதற்கு சிபாப் மிஷின் இருக்கிறது. 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் முதன்முதலில் எழுதி வெளியிட்டது. மூக்கில் மாஸ்க் பொருத்தி, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்துவைக்கும். இரண்டாவது இரவு அவளுக்கு அதைப் பொருத்தினேன். பட்டையை இறுக்கியதும் கையால் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் நடுக்கம். மூச்சு முட்டுகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நெடுநேரம் கழித்துச் சொன்னாள்: “கரண்ட் வெக்கிறப்போ மூஞ்சில ஒண்ணு மாட்டுவாங்கக்கா. மேஜையோட சேத்து கிளிப் போட்டுடுவாங்க. எல்லாரும் ரூமை விட்டுப் போயிடுவாங்க.”

வெந்நீரில் இளக்கி, குழந்தையின் முகத்தில் அழுத்தி, முகத்தின் அச்சிலேயே இறுகவிடும் பிளாஸ்டிக் வலை அது. கதிர் மில்லிமீட்டர் பிசகாமல் விழத் தலை அசையக் கூடாது என்பதற்காக. ஐந்து வயதில் அந்த வலைக்குள் தனியாகக் கிடந்தவளின் முகத்தில் நான் இன்னொரு மாஸ்க்கை இறுக்கியிருக்கிறேன். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி அனுப்ப எங்கள் அறிக்கையில் ஒரு கட்டமே உண்டு. அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருந்தால் அவள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மாஸ்க்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். பட்டை வேண்டாம், மிஷின் வேண்டாம், பகலில் டிவி பார்க்கும்போது கையாலேயே மூக்கில் பிடித்துக்கொள்ள வேண்டும், வேண்டாம் என்று தோன்றும்போது எடுத்துவிடலாம். எடுப்பது அவள் கையில் இருக்க வேண்டும், அதுதான் இதில் முக்கியம். அப்புறம் காற்றோடு சில நிமிடம், அப்புறம் பட்டையோடு, அப்புறம் மதியத் தூக்கத்துக்கு. மறுபடி ஆய்வுக்கு வந்தபோது கதவைத் திறந்தே வைத்தேன், அறையில் சின்ன விளக்கு எரியவிட்டேன், அவள் தூங்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பட்டையை அவளே மாட்டினாள். விடியும்வரை ஆக்சிஜன் கோடு மேலேயே ஓடியது.

சிலருக்குத் திரையில் ஒன்றுமே இருக்காது. மூச்சு சரி, இதயம் சரி, ஹார்மோன் சரி. தூக்கம் மட்டும் வராது. படுத்ததும் கை கழுத்துக்கும் அக்குளுக்கும் போய்க் கட்டி இருக்கிறதா என்று தடவும். ரத்தப் பரிசோதனைக்கு வருடாந்திரத் தேதி நெருங்கினால் ஒரு மாதம் முன்பிருந்தே தூக்கம் போய்விடும். இவர்களின் குழந்தைப்பருவத்து இரவுகளை யோசித்துப் பாருங்கள். டிரிப்ஸ் பம்ப் நடுராத்திரி கூவும், விடியற்காலையில் ரத்தம் எடுக்க விளக்கைப் போடுவார்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் தூக்கமே வராது, பக்கத்துக் கட்டில் ஒருநாள் காலி ஆகியிருக்கும். படுக்கை என்றால் விழிப்போடு இரு என்று உடம்பு அன்றே படித்துவிட்டது. என் அறையின் ஸ்பிரிட் வாசனையே சிலரை விழிக்கவைத்துவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் முடிந்தவரை அவர்களுக்கு ஸ்பிரிட் பயன்படுத்துவதில்லை.

இவர்களில் பலர் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வருகிறார்கள், மருந்துக்கடையில் பழக்கத்தின்பேரில் வாங்கி. எனக்கு இதில் கோபம் உண்டு. மூச்சடைப்பு இருப்பவருக்கு அந்த மாத்திரை மேலும் கெடுதல். இல்லாதவருக்கு அது பழக்கமாகி ஒட்டிக்கொள்ளும். இந்தத் தூக்கமின்மைக்கு நல்ல மருத்துவம் மாத்திரையில் இல்லை. தூக்கம் வந்தால் மட்டும் படு, வராவிட்டால் எழுந்துபோ என்று 1972இல் ரிச்சர்ட் பூட்சின் சொன்னது. படுக்கையில் கிடக்கும் நேரத்தை முதலில் குறைத்துப் பிறகு கூட்டுவது என்று ஆர்தர் ஸ்பீல்மன் சேர்த்தது. இரண்டும் அடங்கிய பேச்சுவழிச் சிகிச்சை சில வாரங்களில் பலன் தரும். தெரிந்தவர்கள் குறைவு, நேரம் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் அதைவிடக் குறைவு. அம்மாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணைக்கு வரும் அம்மா, இருபத்தைந்து வயது மகன் தூங்குகிறானா, மூச்சு வருகிறதா என்று சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். “நான் பாத்துக்கிறேன்மா, நீங்க படுங்க” என்றால்தான் சாய்வார். அவருடைய தூக்கத்தை யாரும் பரிசோதித்ததில்லை.

எங்கள் படிவத்தில் ‘முந்தைய நோய்கள்’ என்று ஒரு வரி உண்டு. ‘எதுவும் இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். கூட வந்த கணவருக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது. பொண்ணு பார்க்க வந்தபோது சொல்லியிருந்தால் கல்யாணமே நடந்திருக்காது என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். மறைத்ததற்காக அவளை நான் குறை சொல்ல மாட்டேன். குணமான நோயை ஒரு பெண்ணின் மேல் ஆயுள் முழுக்கச் சுமத்தும் ஊரைத்தான் குறை சொல்ல வேண்டும். ஆனால் அந்த வரி காலியாக இருந்தால் டாக்டர் பாதி இருட்டில் மருத்துவம் பார்க்கிறார். அதனால் நான் துணைக்கு வந்தவர்களைக் காப்பி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, தலையை அளந்துகொண்டே மெல்லக் கேட்பேன்: “சின்ன வயசுல ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் இருந்திருக்கீங்களாம்மா? கரண்ட் வெச்சாங்களா? முதுகுல ஊசி போட்டாங்களா?” சொல்லிவிடுவார்கள். எத்தனையோ வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்போலச் சொல்வார்கள்.

தூக்க ஆய்வு செய்யும் சக டெக்னீஷியன்களையும் டாக்டர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கேள்வியைப் படிவத்தில் தனிவரியாகச் சேருங்கள், தனியாக வைத்துக் கேளுங்கள். சிறுவயதில் பிழைத்தவர்களைக் கேட்டுக்கொள்வது இது. சிகிச்சை முடிந்தபோது கொடுத்த ஃபைல் பரணில் கிடந்தாலும் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எழுதிக் கேளுங்கள். என்ன நோய், எந்த வயதில், என்னென்ன மருந்து, டாக்சோரூபிசின் அல்லது அதே வகையான டானோரூபிசின் மொத்தம் எவ்வளவு, கதிர் எந்த இடத்தில் எத்தனை கிரே அளவில், என்ன அறுவை என்பது ஒரு தாளில் இருந்தால் போதும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1991இலேயே, சிகிச்சை முடிந்தவர்களைத் தொடர்ந்து பார்க்கத் தனி கிளினிக் தொடங்கிவிட்டது. உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். தூக்கம் வரவில்லை என்றாலும், வந்துகொண்டே இருக்கிறது என்றாலும், அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.